குருபோத சர்வகலாசாலை

வக்கற்றவனுக்கு வாத்தியார் வேலை, போக்கற்றவனுக்குப் போலீஸ் வேலை என்று சொல்லி வைத்த மகராசன் பாதியிலேயே நிறுத்திவிட்டுப் போய்ச் சேர்ந்தான். இந்த இரண்டுக்கும்கூட லாயக்கில்லாதவன் என்ன ஆவான் என்று அவன் சொல்லவில்லை. மலாக்காக்காரர்களுக்கு அது தெரியும். அவன் ஒரு சர்வகலாசாலைக்கு வேந்தர் ஆவான்.

செங் என்கிற மலாய்க் கிராமத்தைத் தாண்டிப் போகிற சாலையில், லாலாங் புல் மண்டிய மேட்டின்மேல் ஒரு பழைய மரவள்ளிக் கிடங்கு கிடந்தது. தவுக்கே என்கிற சீன முதலாளி ஒருவர் மாவு அரைத்துக்கொண்டிருந்து, விலை விழுந்ததும் பூட்டுக்கூடப் போடாமல் விட்டுவிட்டுப் போன இடம். ரப்பர் விலையும் விழுந்து, தோட்டத்து ஜனங்களில் பாதிப்பேரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிய காலம் அது. அந்தக் காலத்தில்தான் கிடங்குக்கு முன்னால் ஒரு வளைவு எழும்பியது. வளைவென்றால் லேசுப்பட்டதல்ல. இரண்டு பக்கமும் துதிக்கை தூக்கிய யானை, நடுவில் வீணையோடு சரஸ்வதி, சரஸ்வதியின் தலைக்கு மேலே தலைப்பாகையோடு வேந்தர். அடியில் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் 'குருபோத சர்வகலாசாலை'. வளைவுக்குப் பின்னால் கிடங்கு கிடங்காகவே இருந்தது. கூரையில் வௌவால், தரையில் வௌவால் எச்சம், சுவரெல்லாம் புளித்த மரவள்ளி நாற்றம். மூக்குள்ளவன் உள்ளே நின்று ஒரு வெற்றிலை போட முடியாது. அங்கேதான் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வாத்தியார்களைத் தயார் செய்யப்போவதாக ஊரெல்லாம் தமுக்கடித்து, தோட்டம் தோட்டமாக வசூலும் செய்தார்கள்.

வேந்தர் ஸ்ரீமான் பாலகிருஷ்ணனார். அதற்கு முந்தைய தீபாவளி வரைக்கும் அவர் வெறும் கள்ளுக்கடை பாலகிருஷ்ணன். ஜாசின் வட்டாரத்துத் தோட்டங்களில் கள்ளுக்கடைக் குத்தகை அவருடையது. தகப்பனுக்குக் கள் ஊற்றியவர், இப்போது பிள்ளைக்கு அறிவு ஊற்ற வந்தார். அளவு என்னவோ பழைய அளவுதான். நுரை மட்டும் அதிகம்.

இந்த வளைவுக்குள் ஒரு திங்கட்கிழமை தகரப் பெட்டியோடு நுழைந்தவன் சாமிக்கண்ணு. நியாலாஸ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கிறவன். எழுத்தும் வாசிப்பும் தானாகவே தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டவன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்த வாத்தியார் கப்பலேறிப் போனபின் துரை அவனைக் கூப்பிட்டு ஒரு வழி சொல்லியிருந்தார். டிசம்பரில் மலாக்கா டவுனில் சர்க்கார் நடத்துகிற வாத்தியார் பரீட்சையில் அவன் தேறி வர வேண்டும். தேறினால் வேலை அவனுக்கு. காலையில் பள்ளிக்கூடம் நடக்கும், பிள்ளைகள் புல்லுக்குப் போக வேண்டியதில்லை. தேறாவிட்டால் பள்ளிக்கூடக் கொட்டகையில் ரப்பர் ஷீட் காயும், ஏழு வயசு ஆன பிள்ளைகளெல்லாம் லாலாங் பிடுங்கும்.

சாமிக்கண்ணுவின் மகள் மங்களத்துக்கு அந்த ஆனியில்தான் ஏழு முடிந்தது. அவன் பெஞ்சாதி இருசம்மாள், "ஓங்க மரத்தையும் சேத்து நானே வெட்டிக்கிறேன், நீங்க போயிப் படிங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அவனுக்கு எல்லாம் வரும், கணக்கு ஒன்றுதான் வராது. பின்னக் கணக்கு என்றால் பின்னங்கால் பிடரியில் பட ஓடுவான். அந்தக் கணக்கைக் கற்றுக்கொள்ளத்தான் வந்திருந்தான்.

உள்ளே மேசைக்குப் பின்னால் பதிவாளர் சின்னத்தம்பி உட்கார்ந்திருந்தார். முன்பு கள்ளுக்கடையில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தவர். ஆள் மாறவில்லை, உத்தியோகப் பெயர்தான் மாறியிருந்தது.

"ஐயா, கணக்கு வாத்தியாரு எங்க இருக்காருங்க?" என்று சாமிக்கண்ணு கேட்டான்.

"கணித பீடாதிபதின்னு சொல்லணும்."

"சரிங்க. அவுரு எங்க?"

"அந்தப் பீடம் தற்சமயம் காலி."

"எப்ப வருவாருங்க?"

"வளைவு வேலை முடியட்டும். யானைக்குத் தந்தம் வெக்கல, பாத்தீரா?"

அவன் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தான். தந்தமில்லாத யானை நல்ல மூக்கு நீண்ட பன்றி போல இருந்தது. பெரிய இடமென்றால் எதற்கும் ஒரு முறை இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டான். நல்லவன், பாவம்.

பதிவாளர் அவன் தோளில் ஒரு மஞ்சள் பட்டியைப் போட்டார். மார்புக்குக் குறுக்கே வரும் பட்டி. அதிலும் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் பெரிதாக 'குருபோத' என்று எழுதியிருந்தது. சாமிக்கண்ணு அதை ஒருமுறைக்கு இருமுறை வாசித்தான். பட்டியைத் திருப்பிப் போட்டுக்கொள்ள முடியுமா என்று பார்த்தான்.

விஷயம் இதுதான். 'போதம்' என்றால் நமக்கு ஞானம். வேந்தர் யாரோ ஒரு சாமியார் வாயிலிருந்து அந்தச் சொல்லைப் பிடித்து வந்து, குருவோடு ஒட்டி, பெயர் வைத்துவிட்டார். ஆனால் இது மலாக்கா. மலாய் பாஷையிலும் குரு என்றால் வாத்தியார்தான். 'போடோ' என்றாலோ முட்டாள். குருபோத என்று நாம் எவ்வளவு பக்தியோடு முழங்கினாலும், மலாய்க்காரர் காதில் அது 'முட்டாள் வாத்தியார்' என்று சுத்தமாக விழும். பாசாருக்குச் சாமான் வாங்கப் போகிற தமிழ்ப் பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

"ஐயா, இதை மலாய்க்காரங்க படிச்சா வேற மாரி அர்த்தமால்ல வரும்?" என்று மெதுவாகக் கேட்டான்.

சின்னத்தம்பி பெருமூச்சு விட்டார். "நீர் ஒண்ணும் மொத ஆள் இல்லலா. கலாசாலை எல்லைக்குள்ள அந்த மலாய்ச் சொல்லுக்கு அர்த்தமே கிடையாதுன்னு நிர்வாக சபை ஏகமனதாத் தீர்மானம் போட்டாச்சு."

"எல்லைக்கு வெளியிலங்க?"

"அது சர்க்காரோட பொறுப்பு. அந்தச் சொல்ல மாத்திக்கச் சொல்லி மனு போயிருக்கு."

நிர்வாக சபை என்பது வேந்தர், வேந்தரின் மைத்துனர், வேந்தரின் இன்னொரு மைத்துனர். ஏகமனது வராமல் வேறென்ன வரும்?

பாடங்கள் தொடங்கின. காலையில் முதல் பாடம் வேந்தர் வரலாறு. இரண்டாவது, வரவேற்புப் பத்திரம் வாசிக்கும் முறை. மூன்றாவது, மாலை போடும் முறை. மாலையைத் தூக்கும்போது முழங்கை மடங்கக் கூடாது, வேந்தரின் தலைப்பாகையில் இடிக்கக் கூடாது, போட்டபின் முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நடக்க வேண்டும். அப்படிப் பின்னால் நடந்து ஒருவன் வௌவால் எச்சத்தில் வழுக்கி விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டான். அவனுக்கு 'விநயத் திலகம்' என்று ஒரு பட்டம் கொடுத்தார்கள். மருந்து கொடுக்கவில்லை. பிற்பகலில் கைதட்டல் பயிற்சி. இலக்கணத்துக்கு வந்த வாத்தியார் ஒருவர் இருந்தார். சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசினார் என்று அவரையும் நிறுத்திவிட்டார்கள்.

சமையற்கட்டுக்கு 'அன்னபூரணி பவனம்' என்று பெயர். அங்கே சைவம்தான் சமைக்க வேண்டும் என்பது வேந்தர் கட்டளை. அரிசியில் நெளிந்த புழுவுக்கு மட்டும் அந்தக் கட்டளை தெரியாது. கக்கூசுக்குப் பெயர் 'சௌச மண்டபம்'. நாலு பலகை, இரண்டு வாளி. வாளி எடுக்க வந்தவன் கூலி கிடைக்காமல் நின்றுவிட, அது நிரம்பி வழிந்து, ஈ மொய்த்து, அந்தப் பக்கம் போனவன் சோற்றைப் பார்க்கவே பயந்தான். சீச்சீ, எழுதக் கை கூசுகிறது. மாணவர்கள் பதிவாளரிடம் முறையிட்டார்கள். ஒரு வாரத்தில் பளிங்குக்கல் வந்தது. அதில் மண்டபத்துக்குத் தானம் கொடுத்தவர் பெயரும், திறந்து வைத்த வேந்தர் பெயரும் வெட்டியிருந்தன. திறப்பு விழாவுக்கு ஊதுவத்தி கொளுத்தினார்கள். வாளி மட்டும் அப்படியே இருந்தது.

சனிக்கிழமைகளில் எல்லோரும் மஞ்சள் பட்டியோடு டவுனுக்குள் ஊர்வலம் போக வேண்டும். கலாசாலையின் கீர்த்தியைப் பரப்புவதற்காம். பாசாரில் மீன் விற்கிற, மாச்சிக் என்று எல்லாரும் கூப்பிடும் மலாய்க்கார அம்மாள் ஒருத்தி, பட்டியை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, முதலில் சிரித்தாள். பிறகு இத்தனை வாலிபர்கள் முகத்தையும் பார்த்து அவளுக்கு மனசு கேட்கவில்லை. "கெசியான், அய்யோ கெசியான்" என்று சொல்லி ஒரு கட்டுக் கருவாட்டைச் சாமிக்கண்ணு கையில் இனாமாகத் திணித்தாள். பாவம், படித்துக் கெட்டவர்கள் என்று அவளுக்கு நினைப்பு. அவன் கூசிக் குறுகிப்போனான். என்றாலும் அந்த மாதத்தில் அவன் தின்ற ஒரே நல்ல சோறு அந்தக் கருவாட்டோடு தின்றதுதான்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருசம்மாள் பஸ் ஏறி வந்தாள். வளைவைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். உள்ளே வந்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஏங்க, கணக்கு வந்துருச்சா?"

"வந்துக்கிட்டே இருக்கு, புள்ள."

"வாத்தியாரு நல்லா சொல்லித் தர்றாரா?"

அவன் வளைவைப் பார்த்தான். யானைக்குத் தந்தம் வைத்தாகியிருந்தது. "வளைவு முடிஞ்சிருச்சு. இனிமே வந்துருவாரு" என்றான்.

இருசம்மாள் மூக்கைப் பொத்தியிருந்த முந்தானையை எடுத்தாள். பிறகு சொன்னாள். "மங்களத்தப் புல்லுக்கு அனுப்பச் சொல்லி வேல வாங்குற மண்டோர் வந்து நின்னாரு. போன வாரத்துலேருந்து போவுது. கையெல்லாம் லாலாங் கிழிச்சு வெச்சிருக்கு. டிசம்பர் மட்டும்தாண்டி, அப்பா பாஸாயி வந்துருவாருன்னு சொல்லித்தான் ராவுல எண்ண தடவுறேன். நீங்க பாஸாயிருவீங்கல்ல?"

"ஆயிருவேன்" என்றான் சாமிக்கண்ணு. அவனுக்கு அழுகை வந்தது.

அவள் பஸ் ஏறிப் போனதும் நேரே மருதமுத்துவிடம் வந்தான். மருதமுத்து கூடப் படிக்கிறவன், புக்கிட் காத்தில் என்கிற ஊர்ப் பக்கத்துத் தோட்டத்துப் பையன், இருபது வயசு, வாயில் மிளகாய் வைத்துப் பிறந்தவன். "அண்ணே, நாளைக்கு வேந்தர் வர்றாரு. எல்லாரும் எந்திரிச்சுக் கேட்டுருவம். வேற ஒண்ணும் வேணாம், ஒரு கணக்கு வாத்தியாரு போதும்" என்றான். மற்றவர்களும் சரி என்றார்கள்.

மறுநாள் வேந்தர் குதிரை வண்டியில் வந்து இறங்கினார். மாலை விழுந்தது, முழங்கை மடங்கவில்லை. மேடையில் ஏறி, ஒழுக்கத்தைப் பற்றியும் மதுவின் தீமையைப் பற்றியும் பேசத் தொடங்கினார். அந்தச் சமயம் பார்த்து மருதமுத்து எழுந்தான். பின்னாலேயே சாமிக்கண்ணுவும் மற்றவர்களும் எழுந்தார்கள்.

"எங்களுக்குக் கணக்கு வேணும்!" என்று எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

வேந்தர் முகம் செத்துப்போயிற்று. தலைப்பாகையை ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

"கணக்கா? எவன்டா சொன்னது உங்களுக்கு? யானைக்குள்ள செங்கல் இல்ல, உமியும் சுண்ணாம்பும்தான்னு எவன் சொன்னான்? சரஸ்வதிக்குப் பூசினது தங்கரேக்கு இல்லியாம், மஞ்சச் சாயமாம்! அரிசி மூட்டை என் மச்சான் கடையில தள்ளுபடியில கெடந்ததுன்னு எவன் சொன்னான்? அப்படிச் சொன்னவன் நாக்கு அழுகும்! தோட்டத்து ஜனங்க மனசாரக் குடுத்த காசு அது. குடுக்கிறவனுக்கே இல்லாத அக்கறை உங்களுக்கு எதுக்கு?"

இதில் ஒன்றும் மாணவர்களுக்குத் தெரியாது. சின்னத்தம்பி பாய்ந்து போய் வேந்தர் காதில் ஏதோ ஓதினார்.

வேந்தர் முகத்தில் ரத்தம் திரும்பியது. மேடையே குலுங்கச் சிரித்தார். "அட, கூட்டல் கழித்தல் கணக்கா? அட பைத்தியங்களா! அதுக்கா இத்தனை கூச்சல்?" துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குரலை இறக்கினார். "என் செல்வங்களே, கணக்கு ஒரு கீழான வித்தை. எண்ணத் தெரிஞ்சவன் எதையும் எண்ணிப் பாப்பான். எண்ணிப் பாக்கிறவன் கேள்வி கேப்பான். கேள்வி கேக்கிறவன் நன்றி கெட்டுப் போவான். நான் எண்ணக் கத்துக்கிட்டேன், உண்மைதான். அந்தப் பாவம் என்னோட போவட்டும். உங்க நெஞ்சு சுத்தமா இருக்கட்டும்."

கைதட்டல் பயிற்சி வீண் போகவில்லை. பழக்க தோஷத்தில் பாதிப்பேர் தட்டிவிட்டார்கள்.

மருதமுத்து மட்டும் உட்காரவில்லை. "அப்ப டிசம்பர் பரீட்சைய நாங்க எப்படிங்க எழுதறது? ஓங்க வரலாற எழுதிட்டு வரவா?" என்றான்.

அன்று மாலையே அவன் பெட்டி வளைவுக்கு வெளியே வைக்கப்பட்டது. போகும்போது சாமிக்கண்ணுவைப் பார்த்து, "நீங்களும் வாங்கண்ணே. இந்த நாத்தத்துல கெடந்து ஒண்ணும் ஆவாது" என்றான். சாமிக்கண்ணுவுக்குக் கால் துடித்தது. ஆனால் துரையிடம் போய், துரத்திவிட்டார்கள் என்று எந்த வாயால் சொல்வது? "இன்னும் ரெண்டு மாசந்தானே, தம்பி. பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துர்றேன்" என்று நின்றுவிட்டான். நல்ல பையன் என்று பெயர் எடுத்தவனுக்கு வருகிற கேடு இதுதான்.

நவம்பர் கடைசியில் பட்டமளிப்பு விழா அறிவிப்பு ஒட்டினார்கள். ரெசிடென்ட் ஆபீசிலிருந்து வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் தலைமை தாங்க வருகிறார். ஒரு நாற்காலிகூடக் காலியாக இருக்கக் கூடாது. வைத்திருந்த தேதியைச் சாமிக்கண்ணு விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். அதே தேதியில், அதே காலையில்தான் டவுனில் சர்க்கார் பரீட்சை.

ஓடிப் போய்ப் பதிவாளர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். "ஐயா, ஒரு காலை மட்டும் விடுங்கய்யா. எம்மக புல்லுப் புடுங்கிக்கிட்டு இருக்கா. எழுதிட்டு ஓடியாந்துர்றேன்."

"பட்டம் வாங்குற அன்னிக்குப் பரீட்சையா?" சின்னத்தம்பிக்கு உண்மையிலேயே ஆச்சரியம். "தாலி கட்டுற அன்னிக்கு எவனாச்சும் பொண்ணு பாக்கப் போவானா? நம்ம பட்டத்துக்கு மேல சர்க்கார் பட்டம் எதுக்குலா? வேந்தர் காதுல விழுந்தா மனசு புண்படும்."

புண்படக் கூடாது என்று, விழாவன்று காலையிலேயே வளைவின் இரும்புக் கதவைப் பூட்டிவிட்டார்கள். சாமிக்கண்ணு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். டவுனுக்குப் போகிற பஸ் அவன் கண்ணெதிரே புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. பிறகு ஒருவர் வந்து அவன் பட்டியைச் சரிசெய்து உள்ளே கூட்டிப்போனார்.

அதிகாரி வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, வேந்தருக்கு இங்கிலீஷ் தெரியாது. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது மலாய் ஒன்றுதான். மேடையில் மஞ்சள் பட்டியோடு வரிசையாக நின்றவர்களை அதிகாரி மேலும் கீழும் பார்த்தார். பட்டியில் இருந்ததை வாசித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலாய்க் கிராமத் தலைவர் பெங்ஹுலுவும் வாசித்துவிட்டு, மரியாதைக்காகக் கூரையைப் பார்க்கத் தொடங்கினார்.

"சியாப்பா குரு டி சினி?" என்று அதிகாரி கேட்டார். இங்கே வாத்தியார் யார் என்று அர்த்தம்.

வேந்தர் நெஞ்சை நிமிர்த்தினார். எல்லைக்குள் அந்தச் சொல்லுக்கு அர்த்தமில்லை என்று சபை தீர்மானித்திருக்கும்போது அவருக்கு என்ன பயம்? "சாயா, துவான்! சாயா குரு போடோ. பெசார் சிகாலி!" நான்தான் துரையே, நானே முட்டாள் வாத்தியார், எல்லாரையும்விடப் பெரியவன் என்று ஊரறியச் சொன்னார்.

அதிகாரி இன்னும் ஒருமுறை கேட்டார். "பெத்துல்?" நிஜமாகவா?

"பெத்துல், துவான்! இனி செமுவா குரு போடோ. சாயா யாங் அஜார்." நிஜம்தான், இவர்கள் எல்லாருமே முட்டாள் வாத்தியார்கள், கற்றுக்கொடுத்தவன் நான்.

அதிகாரி சிரிக்கவில்லை. எத்தனையோ வருஷ உத்தியோகத்தில் எத்தனையோ தலைவர்களைப் பார்த்தவர். இவ்வளவு உண்மை பேசிய ஒருவரைப் பார்த்ததில்லைபோல. எழுந்து வந்து வேந்தரின் கையைப் பிடித்து நெடுநேரம் குலுக்கினார். கரகோஷம் வௌவால்களைக் கிளப்பிவிட்டது. அவை தங்களால் முடிந்ததை எல்லார் தலையிலும் சமமாகப் பொழிந்தன. சாமிக்கண்ணு அதைத் துடைக்கக்கூட இல்லை. டவுனில் இந்நேரம் மணி அடித்துக் காகிதத்தை வாங்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு நின்றான்.

அந்த வருஷம் கலாசாலையில் சேர்ந்தவர்களில் சர்க்கார் பரீட்சை தேறியவன் ஒருவன் உண்டு. கலாசாலையிலிருந்து துரத்தப்பட்ட மருதமுத்து. டவுனில் ஒரு கடையில் மூட்டை தூக்கிக்கொண்டு, அந்தக் கடை முதலாளியின் மகனிடம் கணக்குப் படித்து எழுதினானாம். அவன் பெயரை வேந்தர் வளைவிலேயே பொறிக்கச் சொல்லிவிட்டார், 'நம் மாணவ மணி' என்று.

சாமிக்கண்ணு நியாலாசுக்குத் திரும்பி, துரை பங்களா வாசலில் போய் நின்றான்.

"பாஸ் ஆச்சா?" என்றார் துரை, தோட்டத்துத் தமிழில்.

"பாஸ் இல்லீங்க தொரே. பட்டம் குடுத்தாங்க."

துரை அவன் நீட்டிய மஞ்சள் பட்டியை வாங்கி, ஆங்கில எழுத்தை வாய்விட்டு வாசித்தார். இன்னொரு தடவை வாசித்தார். வாயிலிருந்த சுருட்டு கீழே விழுந்தது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சிரித்து முடித்ததும் யோசித்தார். அந்த யோசனைதான் சிரிப்பைவிட மோசம்.

"ரொம்ப நல்லது. சட்டம் என்னா சொல்றான்? தோட்டத்திலே குரு வேணும். புத்தி இருக்கிற குரு வேணும்னு சட்டம் சொல்லலே. நீ இருக்கே. போதும்."

"அப்ப காலையில பள்ளிக்கூடங்களா, தொரே?"

"பாஸ் குரு இருந்தா காலைலே ஸ்கூல். போடோ குருவுக்கு எதுக்குக் காலைலே? புல்லு முடியட்டும். அப்புறம் ஸ்கூல்."

சாமிக்கண்ணு வீட்டுக்கு வந்து சொன்னான். இருசம்மாள் கேட்டுவிட்டு அடுப்பை ஊதினாள். ஊதி ஊதி நெருப்பு வந்தபிறகும் ஊதிக்கொண்டேயிருந்தாள். கடைசியில், "அந்த வளைவப் பாத்துக் கன்னத்துல போட்டுக்கிட்டனே, என்னச் செருப்பால அடிக்கணும்" என்றாள்.

இப்படியாக நியாலாஸ் தோட்டத்தில் பள்ளிக்கூடம் நடந்தது. பிள்ளைகள் விடியலில் புல்லுக்குப் போகும். வெயில் சாய்கிற நேரத்துக்குக் கை காந்த, முதுகு ஒடிய வந்து கொட்டகையில் உட்காரும். சாமிக்கண்ணு 'அ' எழுதுவான். திரும்பிப் பார்ப்பதற்குள் பாதிப் பிள்ளைகள் சாய்ந்திருக்கும். 'ஆ' எழுதுவதற்குள் மீதியும் சாய்ந்துவிடும். முதல் நாள் அவன் எழுப்பிப் பார்த்தான். மங்களம் எழுந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டே, "இந்த வரிசை முடிஞ்சிருச்சு, மண்டோரே" என்றாள். அதற்குப் பிறகு அவன் யாரையும் எழுப்பவில்லை.

பங்குனியில் ஒரு நாள் லாரி ஒன்று கூலிக்காரர் குடியிருக்கும் லயத்து வாசலில் வந்து நின்றது. வேந்தர் இறங்கினார், சின்னத்தம்பி மாலையோடு இறங்கினார், போட்டோ பிடிக்கிற ஆள் பெட்டியோடு இறங்கினான். தம் கலாசாலையின் பட்டதாரிகள் ஜொலிக்கிற இடங்களை நேரில் கண்டு ஆண்டறிக்கையில் போடப் புறப்பட்டிருந்தார்கள். கொட்டகை வாசலுக்கு வந்ததும் வேந்தர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே வரிசை வரிசையாகப் பிள்ளைகள் மண்தரையில் தூங்கிக்கொண்டிருந்தன. சாமிக்கண்ணு ஒரு ஓலை மட்டையால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தான்.

"ஆகா!" என்று வேந்தர் முழங்கினார். "என்ன அமைதி! என்ன ஒழுக்கம்! சத்தம் கேட்டா அது சந்தைக்கடை. சத்தமே கேக்கல பாரும், இதுதான் குருகுலம்! ஒரு பிள்ளை கேள்வி கேட்டுச்சா? ஒரு பிள்ளை கணக்குக் கேட்டுச்சா? இதைத்தானய்யா நான் ஆரம்பத்துலேருந்து சொல்லிக்கிட்டு வந்தேன்! சாமிக்கண்ணு, நீர் என் கனவை நனவாக்கிட்டீர்!"

ஒரு குழந்தை தூக்கத்தில் சிணுங்கியது. சாமிக்கண்ணு எழுந்து வந்தான். பட்டத்துக்கு நின்றபோதும், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதும் வராத குரல் அவனுக்கு இப்போது வந்தது. சின்னக் குரல்தான், ஆனால் நடுக்கமில்லை.

"வாய மூடுங்க. புள்ளைங்க தூங்குது. ஓங்களால காலையில புல்லுப் புடுங்கிட்டு வந்து தூங்குது. மாலையத் தூக்கிக்கிட்டு மொதல்ல வெளிய போங்க."

வேந்தருக்கு யாரும் இப்படிப் பேசிப் பழக்கமில்லை. ஆகையால் காதில் விழுந்தது புத்தியில் ஏறவில்லை. சின்னத்தம்பி பக்கம் சாய்ந்து, "என்ன சொல்றாரு?" என்று கிசுகிசுத்தார்.

"சந்தோசம் தாங்காம பேச்சு வரலைங்கிறாருங்க, ஐயா."

"அப்படியே எழுதிக்கொள்ளும்" என்றார் வேந்தர். போட்டோக்காரனைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, குனிந்து, பக்கத்தில் படுத்திருந்த மங்களத்தின் தலையில் ஆசீர்வாதமாகக் கையை வைத்தார். மங்களம் கண்ணைத் திறக்காமலே அந்தக் கையை லாலாங் புல்லென்று பிடித்துப் பலங்கொண்ட மட்டும் இழுத்துத் தூர எறிந்தாள்.